ரிவ்யூ காப்பி பெட்டியும் 3,200 ரூவா ப்ளூரே பிளேயரும்

மொதல்லயே வெலையச் சொல்லிருதேன், ஏன்னா எங்க ஊர்ல எந்தப் பொருளக் காட்டுனாலும் மொதக் கேள்வி "என்ன வெலைக்கு வாங்குனீரு"ங்கதுதான். 3,200 ரூவா. பழைய ப்ளூரே பிளேயரு (டிவிடிக்குப் பொறவு வந்த, இன்னும் தெளிவாப் படம் காட்டுத டிஸ்க்க ஓட்டுத மெஷினு), ரிமோட்டோட. ஜங்ஷன்ல ஈரடுக்குப் பாலத்துக்குக் கிட்ட ஒரு சந்துக்குள்ள பழைய டிவி, ஆம்ப்ளிஃபயரு, ஸ்டெபிலைசருன்னு குமிச்சுப் போட்டிருக்க ஒரு கடைல வாங்குனது. அண்ணாச்சி 4,500ல ஆரம்பிச்சாவ, நான் 2,500ன்னேன், ரெண்டு டீ குடிச்சு முடிக்கயில 3,200ல வந்து நின்னுச்சு. கடையநல்லூர்க்காரர் ஒருத்தர் துபாய்ல இருந்து கொண்டுவந்த பிளேயராம். அந்த துபாய்ங்க வார்த்தைய அப்பவே காதுல வாங்கிருக்கணும், வாங்கல, அந்தக் கதைக்குப் பொறவு வாறேன்.

எதுக்கு இப்ப போயி இந்த எளவுன்னு வீட்டுலயும் கேட்டாவ. நியாயமான கேள்விதான், பிள்ளைய எல்லாம் போன்லயே படம் பாத்து முடிச்சிருது. ஆனா என்கிட்ட ஒரு பெட்டி கெடக்கு. 2003ல இருந்து 2010 வரைக்கும் மெட்ராஸ்ல இருந்து வந்துக்கிட்டிருந்த ஒரு சின்னப் பத்திரிகைக்கு மாசம் ஒரு பக்கம் டிஸ்க் விமர்சனம் எழுதுனேன். படத்தப் பத்தி இல்ல, டிஸ்க்கப் பத்தி. பிக்சர் எப்படி, சத்தம் எப்படி, சப்டைட்டில் இருக்கா, எக்ஸ்ட்ரா என்ன குடுத்திருக்கான், இந்த மாதிரி. சம்பளம்னு பெருசா ஒண்ணும் கெடையாது, கம்பெனிக்காரங்க அனுப்புத ரிவ்யூ காப்பிய நம்மளே வச்சுக்கிடலாம், அதுதான் சம்பளம். அப்படிச் சேந்தது பூரா ஒரு அட்டப்பெட்டில கட்டுலுக்கு அடில கெடந்துச்சு. 2023 டிசம்பர் 17, 18ல ஆத்துல வெள்ளம் வந்துச்சுல்லா, எங்க வீடு கொக்கிரகுளம் பக்கம், கட்டுலு ஒசரத்துக்குத் தண்ணி நின்னுச்சு, பெட்டி கூழாப் போச்சு. வடிஞ்ச பொறவு சேறும் சகதியுமா அள்ளி மொட்டமாடில போட்டேன். எங்க வீட்டுல "இந்த சவத்த இனியும் வீட்டுக்குள்ள கொண்டுவராதிய"ன்னுட்டாவ. நான் கேக்கல. பாத்திரம் கழுவுத லிக்விட கலக்கி ஒவ்வொண்ணா கழுவி, மெத்துன்னு பழைய வேட்டியால நடுவுல இருந்து வெளிய தொடச்சு, எண்ணிப் பாத்தேன், 131. விசிடி 34, கம்பெனி அச்சு டிவிடி 62, மார்க்கர்ல பேர் எழுதுன வெறும் வெள்ளி டிஸ்க் 23, ப்ளூரே 12.

இந்த நாலையும் ஒரே மெஷின்ல போட்டுப் பாக்கணும்னா அது ப்ளூரே பிளேயராத்தான் இருக்கணும். உள்ள மூணு விதமான லேசர் இருக்கும், சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூரேக்கு 405, கடைசிக்குத்தான் நீலம், பேரே அதுல இருந்து வந்ததுதான். அதனால பழைய பிளேயரு வாங்கயில ஒரு டிஸ்க் ஓடுதுன்னு பாத்துட்டு நம்பிரக் கூடாது, ஒரு லேசர் நல்லாருக்கும் இன்னொண்ணு செத்திருக்கும். நான் அந்தத் தப்பத்தான் செஞ்சேன். கடைல அண்ணாச்சி ஒரு ப்ளூரேயப் போட்டுக் காட்டுனாவ, கண்ணாடி மாதிரி ஓடுச்சு, வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ட்ரே தொறக்கல. கர்ருங்குது, ஒரு இஞ்ச் வருது, உள்ள போயிருது. இது பயப்படுததுக்கு ஒண்ணுமில்ல, உள்ள சின்ன ரப்பர் பெல்ட்டு ஒண்ணு இருக்கும், நாளாச்சுன்னா தொளதொளன்னு ஆயிரும். வண்ணாரப்பேட்டைல தெரிஞ்ச மெக்கானிக் தம்பி ஒருத்தன் 150 ரூவாக்கு மாத்திக் குடுத்தான், அப்படியே லென்ஸயும் தொடச்சு விட்டான். ஆக மொத்தம் 3,350.

விசிடில இருந்து ஆரம்பிச்சேன். 34ல 9 போச்சு, லேபிளு பக்கம் தோலு உரிஞ்ச மாதிரி வெள்ளி பேந்துட்டு வந்துருச்சு. சிடில பலபேருக்குத் தெரியாத ஒரு சங்கதி, கீழ்ப்பக்கம் கீறல் விழுந்தாக்கூட பாலிஷ் போட்டுப் பாக்கலாம், மேல பேர் அச்சடிச்சிருக்க பக்கம்தான் உயிரு, அந்த வெள்ளிப் பூச்சு மேல வெறும் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சும் மையும்தான் இருக்கும். டிவிடில ரெண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவுல சாண்ட்விச் மாதிரி வச்சு ஒட்டிருப்பாவ, அதனால வெள்ளத்துக்கு அசரல, அச்சு டிவிடி 62ல ஒண்ணு கூட தண்ணியால கெடல. மிச்ச 25 விசிடியும் இந்த பிளேயர்ல ஓடுது, ஆனா படத்த அகலமா இழுத்து வச்சிருது, ஹீரோ எல்லாம் அல்வா தின்னு ஒப்புன மாதிரி தெரியுதாவ. செட்டிங்ல 4க்கு 3ன்னு மாத்துனா சரியாகும், ஒவ்வொரு தடவ ஆஃப் பண்ணயிலயும் மறந்துரும், திரும்ப மாத்தணும். எரிச்சல்தான்.

அடுத்தது டிவிடி. இங்கதான் துபாய் வேலையக் காட்டுச்சு. டிவிடிக்கு உலகத்த ரீஜன் ரீஜனாப் பிரிச்சு வச்சிருக்கான், ஒரு ரீஜனுக்குப் பூட்டுன டிஸ்க்கு வேற ரீஜன் மெஷின்ல ஓடாது, நமக்கு 5, துபாய் பக்கம் எல்லாம் 2. ப்ளூரேல நமக்கு சி, அவங்களுக்கு பி. தமிழ்ப் படம் முக்காவாசி ரீஜனே பூட்டாம வரும், அதெல்லாம் ஜம்முன்னு ஓடுது. ஆனா பம்பாய்ல இருந்து எனக்கு வந்த இங்கிலீஷ் படம் 17 டிஸ்க் "இந்த ஏரியாவுல பாக்க முடியாது"ன்னு சொல்லிருச்சு. நான் திருநெல்வேலில உக்காந்திருக்கேன், டிஸ்க் இந்தியாவுல அடிச்சது, மெஷினு மட்டும் இன்னும் துபாய்லயே இருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கு. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன், "அதெல்லாம் ரிமோட்ல ஒரு நம்பர் அமுக்குனா மாறிரும் தம்பி"ன்னாவ, என்ன நம்பர்னு கேட்டா "பாத்துச் சொல்லுதேன்"னாவ, மூணு மாசமாப் பாத்துக்கிட்டிருக்காவ.

இது எனக்கு மட்டும் நடந்த கூத்துன்னு நெனைக்காதிய. 2006 ஜனவரில இங்கிலாந்துல பாஃப்டாங்க சினிமா விருதுக்கு ஓட்டுப் போடுதவங்களுக்கு ஸ்பீல்பெர்க்கோட மியூனிக் படத்த டிஸ்க்ல அனுப்புனாவ. திருட்டுத்தனமா காப்பி எடுத்துறக் கூடாதுன்னு அதுக்குன்னே தனியா ஒரு பிளேயரே குடுத்திருந்தாவ, அந்த பிளேயர்ல மட்டுந்தான் ஓடும். கடைசில பாத்தா அடிச்ச எடத்துல ரீஜன் 2க்குப் பதிலா அமெரிக்கா ரீஜன் 1ஐப் போட்டு அடிச்சுட்டாவ, எவருக்கும் ஓடல. அவ்வளவு பெரிய ஸ்டுடியோவே இப்படின்னா அண்ணாச்சியக் கொற சொல்லி என்ன செய்ய.

மிச்ச 45ல இன்னொரு நோவு. 8.5 ஜிபி டிஸ்க் இருக்குல்லா, ரெண்டு அடுக்கு, ஒரு அடுக்கு முடிஞ்சு அடுத்த அடுக்குக்குத் தாவுத எடத்துல, கிட்டத்தட்ட இடைவேள பக்கம், அப்படியே ஒறஞ்சு போய் நிக்கு. பத்து செகண்டு கழிச்சு சிலது போகும், சிலது போகாது. மெக்கானிக் தம்பி சொன்னான், "அண்ணே, செவப்பு லேசர் வயசாயிருச்சு, நீலம் புதுசு மாதிரி இருக்கு, மொத ஓனரு டிவிடியாப் போட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிருக்காரு." லென்ஸ் செட்ட மாத்தலாம்தான், இந்த மாடலுக்குக் கெடைக்குததே கஷ்டம், கெடச்சாலும் பிளேயர் வெலைக்கு வந்து நிக்கும்.

இப்ப அந்த 23 வெள்ளி டிஸ்க்குக்கு வருவோம், எனக்கு இதப் பத்திதான் கொள்ளப் பேசணும்.

ரிவ்யூ காப்பின்னு சொன்னதும் தங்கத் தட்டுல வச்சு வரும்னு நெனச்சுறாதிய. மொத ரெண்டு மூணு வருசம் கடைல விக்கதயேதான் அனுப்புனாவ, கவர்ல ஒரு மூலையில ஓட்ட போட்டு, "விற்பனைக்கு அல்ல"ன்னு சீல் குத்தி. பொறவு பொறவு செலவக் கொறைக்கேன்னு வீட்டுல எழுதுத மாதிரி டிவிடி ஆர்ல எழுதி, மார்க்கர்ல பேரக் கிறுக்கி, வெறும் பேப்பர் ஒறைல போட்டு கூரியர்ல விட்டாவ. சிலதுல படம் ஓட ஓட கீழ கம்பெனி பேரு வந்துக்கிட்டே இருக்கும், சிலதுல மேல டைம் கோடு, அதான் ஓடுத நேரத்தக் காட்டுத நம்பரு, எலிவால் மாதிரி ஓடும். முக்கியமான சீன்ல கதாநாயகி அழுதா, கண்ணீருக்குக் கீழ "விளம்பரத்துக்கு மட்டும்"னு எழுத்து போகும்.

இந்த வெறும் வெள்ளி டிஸ்க்கால ஒரு நாள் மாட்டத் தெரிஞ்சேன். 2004ல திருட்டு விசிடிக்காரங்களையும் குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டுவந்துட்டாவ, அதுக்கு அடுத்த வருசம்னு நெனைக்கேன், கூரியர் ஆபீஸ்ல பார்சல வாங்கிட்டு, அங்கனயே ஆர்வக்கோளாறுல பிரிச்சு, மஞ்சப்பைல போட்டுக்கிட்டு புது பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். ஒரு ஏட்டையா பையப் பாத்தாவ. உள்ள ஆறு வெள்ளி டிஸ்க், ஒண்ணுல இன்னும் கடைக்கே வராத படம் பேரு. "என்னவே இது"ன்னாவ. ரிவ்யூ காப்பின்னேன். "அப்படின்னா?" விமர்சனம் எழுதுததுக்குக் கம்பெனியே குடுத்ததுன்னேன். "கம்பெனி குடுத்தா அட்டப்பெட்டி கவரோடல்லா குடுக்கும், பேனாவுல எழுதியா குடுப்பான்?" பதில் சொல்ல முடியல, ஏன்னா எனக்கும் அதே கேள்விதான். நல்லவேளை பைக்குள்ள கம்பெனி லெட்டர் இருந்துச்சு, இங்கிலீஷ்ல இருந்ததால ஏட்டையா மேலயும் கீழயும் பாத்துட்டு விட்டுட்டாவ.

அந்த 23ல இப்ப 8தான் ஓடுது. வெள்ளத்த மட்டும் கொற சொல்ல முடியாது. அச்சு டிஸ்க்ல குழி குழியா பிளாஸ்டிக்லயே அழுத்திருப்பான், நம்ம எழுதுத டிஸ்க்ல ஒரு சாயப் பூச்சுதான், அதத்தான் லேசரு சுட்டு எழுதும், வெயிலுக்கும் சூட்டுக்கும் வருசம் ஆக ஆக அந்தச் சாயம் மங்கிரும். நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல இருபது மே மாசம் கட்டுலுக்கடில கெடந்தா எது தாங்கும். வேடிக்க என்னன்னா, இந்த டிஸ்க்கப் பாத்துட்டுத்தான் "தரமான வெளியீடு, வாங்கி வைக்கலாம்"னு எழுதிருக்கேன். அச்சு டிஸ்க்கும் எல்லாம் சாகாவரம் வாங்கிட்டு வரல, 2006ல இருந்து 2008க்குள்ள அடிச்ச டிவிடி சிலது தானா கெட்டுப் போகுதுன்னு 2025ல வார்னர் கம்பெனியே ஒத்துக்கிட்டு மாத்தித் தாறோம்னாவ. எந்த விமர்சனக்காரனும் மொத வாரத்துல போட்டுப் பாத்து இதக் கண்டுபிடிச்சிருக்க முடியாது.

ஆனா கெட்டுப் போனது கூட பெருசில்ல. எனக்கு அனுப்புன டிஸ்க்கும் கடைல விக்க டிஸ்க்கும் ஒண்ணு இல்லங்கதுதான் அந்தத் தொழிலோட பெரிய கோளாறு. 2007ல மோசர் பேயர் வந்து விசிடி 28 ரூவா, டிவிடி 34 ரூவான்னு போட்டாவ, திருட்டு சிடி வெலைக்கே ஒரிஜினல். நம்ம பக்கமெல்லாம் பலசரக்குக் கடைல பெருங்காய டப்பா பக்கத்துல தொங்குச்சு, டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்து கோயில் கொடைக்கு ராத்திரி பூரா படம் ஓட்டுன ஊர்க்காரனுக்கு அது எம்புட்டுப் பெரிய விசயம்னு சொல்லித் தெரிய வேண்டாம். அந்த வெலைப் போட்டில வேற வேற கம்பெனிய எல்லாம் ஒரே டிஸ்க்ல மூணு படம், நாலு படம்னு அமுக்க ஆரம்பிச்சுட்டாவ. நாலு படத்த ஒரு டிஸ்க்ல அடச்சா ஒவ்வொண்ணுக்கும் கெடைக்குத எடம் எவ்வளவுன்னு நீங்களே வகுத்துப் பாருங்க, ராத்திரி சீன்ல எல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும், டான்ஸ் ஆடயில காலு கலங்கிரும். ஆனா விமர்சனத்துக்கு வருதது? ஒரே படம், தனி டிஸ்க், டிடிஎஸ் சத்தத்தோட. நான் அதப் பாத்து அஞ்சுக்கு நாலு ஸ்டாரு போடுதேன், சனம் என் பேச்சக் கேட்டு மூணு படம் சேந்த காம்போவ வாங்கிட்டுப் போகுது.

இது ஃபார்மட் மாறயில இன்னும் மோசம். 2006ல ஹெச்டி டிவிடியும் அதுக்குப் போட்டியா ப்ளூரேயும் ரெண்டு மாச இடைவெளில இறங்குச்சு, எது நெலைக்கும்னு அடிச்சு வெளியிடுதவனுக்கே தெரியாது. அந்தப் பக்கம் டோஷிபா, இந்தப் பக்கம் சோனி. யுனிவர்சல் ஹெச்டி டிவிடிக்கு மட்டும், டிஸ்னியும் ஃபாக்ஸும் ப்ளூரேக்கு மட்டும், பாரமவுண்ட் ரெண்டுலயும் இருந்துட்டு 2007 ஆகஸ்டுல ஹெச்டி டிவிடி பக்கம் சாஞ்சுது. 2008 ஜனவரில வார்னர் இனிமே ப்ளூரே மட்டும்னு சொன்னதும் கத முடிஞ்சுது, பிப்ரவரி 19ல டோஷிபா கடையக் கட்டிருச்சு. அமெரிக்காவுல இருந்த எங்க மச்சான் பையன் அந்தச் சமயம் தள்ளுபடில விக்கான்னு செவப்புக் கவர்ல நாலு ஹெச்டி டிவிடிய வாங்கிட்டு வந்து எனக்குக் குடுத்தான், "மாமா நீங்கதான டிஸ்க் எழுதுவீங்க"ன்னு. எந்த மெஷின்ல போட? ஒண்ணுல மட்டும் பின்பக்கம் சாதா டிவிடி இருந்துச்சு, அதுவும் ரீஜன் 1. இன்னிய வரைக்கும் காப்பி டம்ளருக்கு அடில வைக்கத்தான் ஆகுது, சூடு தாங்குது.

ஆரம்பத்துல வந்த ப்ளூரே எல்லாமே நல்லதுன்னும் சொல்ல முடியாது. ஃபிஃப்த் எலிமெண்ட் படத்த 2006ல சோனி விட்ட மொத டிஸ்க்க அவ்வளவு பேரு திட்டி, மறு வருசம் புதுசா எடுத்து மாத்திக் குடுத்தாவ. அங்க எழுதுதவங்க டிஸ்க்கக் கையில வச்சுப் பாத்துத் திட்டுனாவ, அதனால மாறுச்சு. இங்க என்ன நடந்துச்சுன்னா...

சரி, சொல்லிருதேன். 2009. ஒரு கம்பெனில இருந்து லெட்டர், இந்தப் படம் டிவிடிலயும் ப்ளூரேலயும் ஒரே நாள்ல வருது, ப்ளூரே வெளியீட்டப் பத்தி எழுதணும்னு. கவரப் பிரிச்சா உள்ள டிவிடி ஆரு. போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு, "சார் ப்ளூரே ஸ்டாக் கம்மியா இருக்கு, ரெண்டும் ஒரே மாஸ்டர்தான் சார், இதப் பாத்தே எழுதிருங்க"ன்னா. அப்ப என்கிட்ட ப்ளூரே பிளேயரும் கெடையாது, பிளேயரு இல்லன்னா பிளேஸ்டேஷன் 3ங்க கேம் மெஷினு இருந்தாத்தான் பாக்க முடியும், அது 2007ல இங்க வந்தப்ப 40,000 ரூவாக்குப் பக்கம், பெருமாள்புரத்துல ஒரு சிநேகிதன் வீட்டுல மட்டும் இருந்துச்சு. சரி ஒரே மாஸ்டர்தான, டிஸ்க் அடிக்க எடுக்குத மூலப் பிரதி ஒண்ணுதானன்னு நானும் எழுதிட்டேன், "டிவிடியிலேயே இவ்வளவு துல்லியம் என்றால் ப்ளூரேயில் கேட்கவே வேண்டாம்." அந்த வரி எனக்கு மனப்பாடமா இருக்கு.

அம்பாசமுத்திரத்துல ஒரு வாத்தியாரு, ரிட்டயர்டு ஆகி வந்த பணத்துல பெரிய டிவியும் ப்ளூரே பிளேயரும் வாங்கி வச்சிருந்தாவ, என் பக்கத்த மாசாமாசம் படிச்சு லெட்டர் போடுவாவ. ஆயிரத்துச் சொச்சம் குடுத்து அந்த ப்ளூரேய மெட்ராஸ்ல இருந்து வரவழச்சாவ. ரெண்டு வாரம் கழிச்சு எனக்கு ஒரு கவர் வந்துச்சு. உள்ள அந்த டிஸ்க்கும் ஒரு துண்டுச் சீட்டும். "நீரே வச்சுக்கிடும். ஒரு கேள்வி மட்டும், நீர் இதப் பாத்தீரா, பாக்கலியா?"

நான் பதில் எழுதல. அந்த டிஸ்க்கப் போட்டுப் பாக்கவும் இல்ல. சிநேகிதன் வீட்டுல பிளேஸ்டேஷன் இருந்துச்சு, எடுத்துட்டுப் போனா அரமணி நேரம். அடுத்த வருசம் கம்பெனியே ஒழுங்கா 11 ப்ளூரே அனுப்புச்சு, அதெல்லாம் அவன் வீட்டுல போய்ப் பாத்துத்தான் எழுதுனேன், இத மட்டும் எடுத்துட்டுப் போகல. பெட்டிக்குள்ள போட்டேன். 12 ப்ளூரேன்னு மேல சொன்னேன்ல, பன்னெண்டாவது ரிவ்யூ காப்பி இல்ல, அதுதான்.

இப்ப இந்த 3,200 ரூவா பிளேயர்ல ப்ளூரே எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன். மூணு ரீஜன் பூட்டு, ஓடல. மிச்சம் 9 ஓடுச்சு, அதுவும் எப்படி. சேத்துல கெடந்த டிஸ்க்குன்னு சத்தியம் பண்ணாத்தான் நம்புவிய. ப்ளூரேல டேட்டா மேல்தோல்ல இருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்துலதான் இருக்கு, அதனாலயே மேல கெட்டியா ஒரு பூச்சு குடுத்திருப்பாவ, கீறலே இல்ல. டிஸ்க் உள்ள போயி படம் வர 40 செகண்டு ஆகுது, கொஞ்சம் பொறும வேணும். ஃபேன் சத்தம் இல்ல. பிக்சர், சத்தம் ரெண்டுக்கும் கண்ண மூடிக்கிட்டு நல்ல மார்க்குக் குடுப்பேன். சாதா டிவிடியையும் பெரிசாக்கிக் காட்டுதது பரவால்ல, 34 ரூவா டிஸ்க்கு கூட பாக்குத மாதிரி இருக்கு. பின்னாடி ஹெச்டிஎம்ஐ மட்டுந்தான், மஞ்சள் வெள்ள செவப்பு வயரு கெடையாது, பழைய டிவி வச்சிருக்கவங்க இந்தப் பக்கமே போகாதிய. 4கே டிஸ்க்கு படிக்காது. ரிமோட்ல எஜெக்ட் பட்டன நாலு தடவ அமுக்கணும்.

அந்தப் பன்னெண்டாவது டிஸ்க்கக் கடைசியாப் போட்டேன். ரீஜன் பூட்டு இருக்கும், ஓடாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு நப்பாச. ஓடிருச்சு.

மூஞ்சி எல்லாம் மெழுகு. டிவிடில ஒரு ஃபிரேமுக்கு 4 லட்சம் புள்ளி, ப்ளூரேல 20 லட்சம், அஞ்சு மடங்கு. டிவிடிக்குன்னு தொடச்சு வச்சிருந்த பழைய மாஸ்டர அப்படியே தூக்கிப் போட்டிருக்கான். ஃபிலிம்ல இருக்குத பொடிப் புள்ளிய அழிக்கேன்னு சொல்லி முடி, தோலு, சட்டைல இருக்க நூலு எல்லாத்தையும் சேத்து அழிச்சிருக்கு, பொறவு ஓரத்துல எல்லாம் கூராக்குதேன்னு வெள்ளக் கோடு இழுத்து விட்டிருக்கு. டிவிடில 4 லட்சம் புள்ளில இது தெரியாது, ஏன், நல்லாக்கூட தெரியும். ஒரே மாஸ்டருன்னு அந்தப் பொண்ணு சொன்னது பொய்யே இல்ல, அதுதான் கோளாறே. பத்து நிமிசம் பாத்தா எவனும் சொல்லிருவான். பதினாறு வருசம் ஆச்சு எனக்கு.

வாங்கலாமான்னு கேக்கவங்களுக்கு. புது பிளேயரு வாங்குததும் இப்ப லேசில்ல, ஓப்போ 2018ல விட்டுட்டான், சாம்சங் 2019ல விட்டுட்டான், எல்ஜியும் 2024 கடைசில நிறுத்திட்டாவ, அதனால பழசுதான் நம்மளுக்கு. கடைக்குப் போகயில கையில மூணு டிஸ்க் கொண்டு போங்க, ஒரு விசிடி, ஒரு ரெண்டு அடுக்கு டிவிடி, ஒரு ப்ளூரே. டிவிடிய ஆரம்பத்துல பாக்காதிய, நேரா இடைவேளைக்குத் தள்ளி அங்கன அஞ்சு நிமிசம் ஓட விடுங்க. பின்னாடி ஸ்டிக்கர்ல உருண்டைக்குள்ள ஒரு நம்பரும் அறுகோணத்துக்குள்ள ஒரு எழுத்தும் இருக்கும், 5ம் சியும் இல்லன்னா வெலையக் கொறச்சுக் கேளுங்க. ட்ரேய நாலு தடவ தொறந்து மூடச் சொல்லுங்க. என் பிளேயருக்கு ப்ளூரேக்கு அஞ்சுக்கு நாலரை, டிவிடிக்கு ரெண்டரை, கடைக்காரர் பேச்சுக்கு ஒண்ணு, டீக்கு அஞ்சு.

மறுநாள் வாத்தியாருக்குப் போன் போட்டேன். நம்பரு பழைய டைரில இருந்துச்சு, லேண்ட்லைன், மாத்தாம வச்சிருக்காவ. 84 வயசு, கொரலு மட்டும் அப்படியே இருக்கு. நான் இன்னாருன்னு சொல்லி, நீங்க அன்னைக்கு அனுப்புன டிஸ்க்க நேத்துப் பாத்தேன் சார், நீங்க கேட்டது சரிதான், மூஞ்சி பூரா மெழுகுன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, லைனு கட்டாயிருச்சோன்னு நெனச்சேன்.

"அப்ப நீரு இப்பத்தான் பாத்திருக்கீரு."

ஆமா சார்.

"எதுல போட்டுப் பாத்தீரு?"

பழைய பிளேயரு ஒண்ணு வாங்குனேன் சார், ஜங்ஷன்ல.

"என்ன வெலைக்கு?"

3,200.

"கூடத்தான்"ன்னாவ.